குரோன்ஸ் அறுவைக்குப் பிறகு சாப்பாடு: நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்

குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்க்காகச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பெருங்குடலோடு இணைத்து வீட்டுக்கு அனுப்பியவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு நடந்ததும் அதுதான். பெருங்குடலில் வரும் இன்னொரு அழற்சி நோயான அல்சரேட்டிவ் கொலைடிஸ்காரர்களுக்குக் கணக்கு வேறு.

நோய் திரும்பினால் பெரும்பாலும் இணைத்த இடத்துக்குச் சற்று மேலே, சிறுகுடல் பக்கம் தொடங்கும். வலியே இல்லாமல் புண் வந்திருக்கும். இதைச் சாப்பிட்டால் திரும்பாது என்று நிரூபணமான உணவு எதுவும் இல்லை. பழக்கங்களில் விட்டே ஆகவேண்டியது சிகரெட். கீழே உள்ள உணவுமுறை வயிற்றைத் தொந்தரவில்லாமல் வைத்துக்கொள்ள மட்டும். மாத்திரையை நிறுத்த இது காரணமாகாது.

படி 1. கோடு போட்ட நோட்டு. ஆப் எனக்குப் பிடிக்கவில்லை, அதில் ‘அடை’ என்று தேடினால் பான்கேக் வருகிறது. நேரம், என்ன, எவ்வளவு, வெளிக்குப் போனது எப்படி என்று நான்கு கட்டம். ‘ரசம் சாதம்’ போதாது. ‘ரசத்தில் மிளகு தூக்கல், நெய் ஒரு ஸ்பூன்’ என்று எழுதுங்கள்.

படி 2. முதலில் இவற்றோடு தொடங்குங்கள்: குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், மோர், முட்டை, வேகவைத்த மீன். எத்தனை வாரம் என்பதை அறுவை செய்த மருத்துவர் சொல்வார்.

படி 3. ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள், இரண்டு மூன்று நாள் இடைவெளி. ஆகவே முகூர்த்த மாதத்தில் இதைத் தொடங்காதீர்கள். கல்யாணப் பந்தியில் எது படுத்தியது என்று யார் கண்டுபிடிப்பது?

படி 4. என்னைக் குழப்பிய இடம் இதுதான். நெய் மிதக்கும் திருவையாற்று அசோகா அல்வா சாப்பிட்ட மறுநாள் தண்ணீராகப் போனது. நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். மலத்தில் கால்புரோடெக்டின் பார்த்தோம். அது அழற்சியைக் காட்டும் பரிசோதனை. அளவு சரியாகவே இருந்தது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சுவது வெட்டி எடுத்த அந்தப் பகுதிதான். அது இல்லாவிட்டால் பித்த உப்பு பெருங்குடலுக்குள் போய்த் தண்ணீரை இழுக்கும், நெய் கூடினால் இன்னும் மோசம். இதற்கு, பித்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் பொடி உண்டு. மருத்துவர் எழுதித்தந்தால், மற்ற மாத்திரைகளைப் பொடிக்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ போடுங்கள். சேர்த்துப் போட்டால் அவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். காய்ச்சல், எடை குறைவு, ரத்தம் இருந்தால் நோட்டை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 5. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதும் அதே பகுதியில்தான். ரத்தத்தில் அதன் அளவைப் பாருங்கள். வெட்டியது நீளமாக இருந்தால் ஆயுசுக்கும் ஊசி.

படி 6. அறுவைக்குப் பிறகு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் கொலனோஸ்கோபி, அதாவது கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை. ‘நன்றாகத்தானே சாப்பிடுகிறேன்’ என்று தள்ளிப்போடாதீர்கள். ரிப்போர்ட்டில், நோய் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று காட்ட ஐ0 முதல் ஐ4 வரை ஒரு மதிப்பு இருக்கும். ஐ2-வோ அதற்கு மேலோ என்றால் மருந்தைக் கூட்டுவது பற்றிப் பேச வேண்டியிருக்கும். நோட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த எண்ணை அது சொல்லாது.

பின்சேர்க்கை: சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டு சாப்பிடலாமா என்று பலர் கேட்டார்கள். இந்த அறுவைக்குப் பிறகு ஆக்சலேட் கல் வருவது உண்மைதான். ஆனால் குடலில் எங்காவது சுருக்கம் இருந்தால் தண்டின் நார் அங்கே சிக்கும். முருங்கைக்காய்ச் சக்கையும் அப்படியே. கல்லுக்கு நிறையத் தண்ணீர் குடிப்பது நல்லது. கீரையும் தயிரும் சேரக்கூடாது என்பார்கள் வீட்டில். நமக்கு அது தலைகீழ்: தயிரின் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே அனுப்பிவிடும். ஆக்சலேட் அதிகமுள்ள பசலையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பழைய சோறு. எனக்கு ஒத்துக்கொள்கிறது. அசாதயோபிரின் போன்ற எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, மூடிவைத்து, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் மத்தியானம் வரை வைக்க வேண்டாம்.