வளைகுடாவிலிருந்து குமரிக்குக் குடிவந்தவர்களுக்கு: பழைய கார் திடீரென்று ஸ்டார்ட் ஆகாவிட்டால்

சவுதியிலும் துபாயிலும் இருந்துவிட்டு குடும்பத்தோடு குமரி மாவட்டத்துக்கே குடிவருகிறவர்கள் பலருக்கு முதலில் கைக்கு வருவது அப்பாவோ மச்சானோ ஓட்டிய பழைய காராகத்தான் இருக்கும். தென்னை மரத்தடியில் மாசக்கணக்கில் நின்ற டிஎன் 74, டிஎன் 75 நம்பர் (நாகர்கோவில், மார்த்தாண்டம் பதிவு) வண்டி. பிள்ளைகளைப் பள்ளியில் விடக் கிளம்பும் நேரம் பார்த்து அது மக்கர் பண்ணும். பதற்றத்தில் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தால் பேட்டரியில் மிச்சமிருப்பதும் போய்விடும். ஒரு தடவை திருப்பிவிட்டு என்ன சத்தம் வருகிறது என்று காது கொடுங்கள்.

டாஷ்போர்டு விளக்கு மங்கி ‘டிக் டிக் டிக்’ என்று மட்டும் கேட்டால், பேட்டரி இறங்கியிருக்கும், இல்லையென்றால் டெர்மினல் (பேட்டரி முனையில் வயர் மாட்டும் இடம்) பிடிப்பு சரியில்லை. நம் பக்கத்தில் டெர்மினலைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். குளச்சல், முட்டம் பக்கம் கடல் காற்றில் உப்பு. போதாததற்கு தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. பானெட்டைத் திறந்தால் பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கும். முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ் என்ற வரிசையில் கழற்றுங்கள். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துத் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் சீக்கிரம் பூக்காது. பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகிற எர்த் வயரையும் பாருங்கள். அது துருப்பிடித்திருந்தால் புது பேட்டரி போட்டும் பிரயோஜனமில்லை.

சின்ன மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடாமல் வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவில் கோளாறு இருக்கலாம். அதைப் பார்க்காமல் புது பேட்டரிக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடுவதென்றால்: சிவப்பின் ஒரு முனை உங்கள் பாசிட்டிவில், மறுமுனை அவர்கள் பாசிட்டிவில். கறுப்பு அவர்கள் நெகட்டிவில். அதன் மறுமுனையை உங்கள் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது.

விளக்கு பளிச்சென்று எரிந்து, ‘டக்’ என்று ஒரே சத்தத்தோடு நின்றால், எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரில் கோளாறு இருக்கலாம். நாகர்கோவில், மார்த்தாண்டத்தில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடைகள் இருக்கின்றன. முழு மோட்டாரையும் மாற்றச் சொன்னால், கார்பன் பிரஷ் மட்டும் மாற்றினால் போதுமா என்று கேளுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் விஷயம் வேறு. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால், பின்சீட் பக்கம் இரண்டு நொடி ‘ஊங்’ என்று பெட்ரோல் பம்ப் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பியூஸையும், பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயையும் பாருங்கள். தோப்பு வீடென்றால் எலியையும் மறக்காதீர்கள்: பானெட்டுக்குள் தேங்காய் நாரும் புழுக்கையும் கிடந்தால் வயரைக் கடித்திருக்கும். பழைய கார்புரேட்டர் மாருதி 800 அடைமழைக்குப் பிறகு அடம்பிடித்தால், ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே ஈரத்தைத் துடைத்துப் பாருங்கள். டீசல் வற்றி நின்ற வண்டியாக இருந்தால், டீசல் ஊற்றினால் மட்டும் போதாது, லைனில் ஏறிய காற்றையும் எடுக்க வேண்டும்.

பெரிய செலவு என்று தெரிந்தால் முதலில் ஆர்சியை (பதிவுச் சான்றிதழை) பாருங்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம்தான். அதற்கு மேல் புதுப்பிக்க வேண்டும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் நான்குவழிச் சாலையில் நின்றுவிட்டால் ஓரங்கட்டி, ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு 1033-க்கு அடியுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண் அது. ஊருக்குள் என்றால் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். “வண்டி எடுக்கல” என்று மட்டும் சொல்லாமல், “அண்ணே, செல்ஃப் சுத்துது, பம்ப் சத்தம் கேக்கல, பியூஸ் பாத்தாச்சு” என்று சொன்னால், அவர் ரிலேயைக் கையோடு எடுத்துக்கொண்டு வருவார்.