நடைபாதைக்கு வாஷிங்டன் பணம்: கேட்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து அம்மா அப்பா அமெரிக்காவுக்கு வந்து நாலைந்து மாதம் தங்கும்போதுதான் இந்தப் பிரச்சினை நம்மில் பலருக்குக் கண்ணில் படுகிறது. வீட்டிலிருந்து பூங்கா அரை மைல்தான். ஆனால் நடந்து போக வழியில்லை. நடைபாதை பாதியிலேயே நின்றுவிடும், அப்புறம் கொஞ்சம் புல், அதற்கப்புறம் கார்கள் பறக்கிற ஆறு வழிச் சாலை. அமெரிக்காவில் 2009இல் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் 4,109 பேர். 2022இல் அந்த எண்ணிக்கை 7,500ஐத் தாண்டிவிட்டது. மாலை நடைக்குக் கிளம்பிய பெரியவர்களும் பள்ளிக்குப் போன குழந்தைகளும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

சரி, நகர சபைக்குப் போய் நடைபாதை கேட்கிறோம். "மத்திய அரசின் பணம் வந்தால் பார்க்கலாம்" என்று பதில் வருகிறது. பெரும்பாலோர் அதோடு திரும்பி விடுகிறார்கள். அதுதான் முதல் தவறு. அந்தப் பணம் வாஷிங்டனில் பூட்டிக் கிடக்கவில்லை. அதில் பெரும்பகுதி ஒவ்வொரு ஆண்டும் ஒரு கணக்குப்படி மாநிலங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. எந்தத் தெருவுக்கு அது போக வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர்கள் உங்கள் மாநிலத்திலும் உங்கள் வட்டாரத்திலும் இருக்கிறார்கள்.

இந்தப் பணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1991இல் வந்த போக்குவரத்துச் சட்டம்தான் முதன்முறையாக நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைச் சைக்கிளுக்கும் நடைக்கும் பயன்படும்படி தனியாக ஒதுக்கியது. 2005இல் குழந்தைகள் பள்ளிக்குப் பாதுகாப்பாக நடந்து போக ஒரு திட்டம் சேர்ந்தது. 2012இல் இவற்றையெல்லாம் 'டிரான்ஸ்போர்டேஷன் ஆல்டர்னேட்டிவ்ஸ்' என்ற ஒரே பெயரில் இணைத்தார்கள். 2021 உள்கட்டமைப்புச் சட்டம் அந்தப் பங்கை ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலராக உயர்த்தியது. அதில் 59 விழுக்காடு மக்கள்தொகைப்படி வட்டாரங்களுக்குப் பிரிகிறது. இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகர்ப்பகுதிகளில் திட்டங்களைத் தேர்ந்தெடுப்பது 'எம்பிஓ' என்கிற பெருநகரத் திட்ட அமைப்பு. நம்மில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டோம். மேயரின் பெயர் தெரியும், எம்பிக்குக் கடிதம் எழுதத் தெரியும். முடிவெடுக்கிற மேசை எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது.

இன்னொரு விஷயத்தை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வதுண்டு. இந்தப் பங்கில் ஒரு பகுதியை மாநிலம் சாதாரண சாலைப் பணிகளுக்கு மாற்றிக்கொள்ளலாம், சட்டமே அதற்கு இடம் தருகிறது. ஆனால் 2021 சட்டம் அதற்கு நிபந்தனைகள் போட்டது. போட்டி முறையில் விண்ணப்பம் கேட்டிருக்க வேண்டும், விண்ணப்பிக்க உதவியும் செய்திருக்க வேண்டும், அப்படியும் தகுதியான விண்ணப்பங்கள் போதுமான அளவு வரவில்லை என்று மாநிலம் காட்ட வேண்டும். யோசித்துப் பாருங்கள், உங்கள் ஊர் விண்ணப்பம் போடாமல் இருப்பதே அந்தப் பணம் வேறு பக்கம் போவதற்கு ஒரு காரணமாகிறது. "எப்படியும் கிடைக்காது, எதற்கு மெனக்கெட வேண்டும்" என்று ஊர் அலுவலர்கள் சொன்னால் இந்த நிபந்தனையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சைக்கிள், நடை என்று பெயர் போட்ட நிதியை மட்டும் தேடுவது அடுத்த தவறு. அது சின்னப் பானை. பொதுச் சாலை நிதி, காற்று மாசைக் குறைப்பதற்கான நிதி, சாலைப் பாதுகாப்பு நிதி எல்லாவற்றிலும் நடைபாதையும் சைக்கிள் பாதையும் போடலாம். பாதுகாப்பு நிதியில் ஒரு கட்டாயமும் உண்டு: ஒரு மாநிலத்தின் சாலை மரணங்களில் பாதசாரிகளும் சைக்கிள் ஓட்டிகளும் சேர்ந்து 15 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், அந்த நிதியில் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் அவர்களுடைய பாதுகாப்புக்குச் செலவிட வேண்டும். உங்கள் மாநிலம் இந்த வரம்புக்குள் வருகிறதா என்று மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் கேளுங்கள். வருகிறது என்றால், போன வருடம் அந்தப் பணத்தில் எந்தெந்த இடத்தில் வேலை நடந்தது என்றும் கேளுங்கள்.

அப்புறம் பணம் வருகிற விதம். மானியம் கிடைத்ததும் காசோலை வந்துவிடும் என்று நினைத்துத் தடுமாறிய சின்ன ஊர்கள் உண்டு. பெரும்பாலும் ஊர் தன் கையிலிருந்து செலவழித்துவிட்டு, பிறகு பில் காட்டித் திரும்பப் பெற வேண்டும். அதிலும் பொதுவாக 80 விழுக்காடுதான் மத்திய அரசு தரும், மீதி 20ஐ உள்ளூரோ மாநிலமோ போட வேண்டும். கூடவே சுற்றுச்சூழல் ஒப்புதல், உள்நாட்டு இரும்பையே வாங்கும் விதி, கூலி விதிகள் என்று தாள் வேலை சேரும். அதனால் இருநூறு அடி நடைபாதைக்கு மட்டும் மத்திய நிதி கேட்பது பெரும்பாலும் புத்திசாலித்தனம் அல்ல. பள்ளியைச் சுற்றி விட்டுப்போன துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒரே திட்டமாகக் கொண்டு போனால் அந்தத் தாள் வேலைக்கு ஓர் அர்த்தம் இருக்கும். 'டிரான்ஸ்போர்டேஷன் ஆல்டர்னேட்டிவ்ஸ்' திட்டங்களில் அந்த 20 விழுக்காட்டுக்குச் சாலைப் பாதுகாப்பு நிதியைப் பயன்படுத்தவும் 2021 சட்டம் வழிவிட்டிருக்கிறது. இது தெரியாமல் "எங்களிடம் பங்குத் தொகை இல்லை" என்று ஊர்கள் ஒதுங்கிக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அறிவிப்பைப் பணம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. சைக்கிள், நடைப் பாதைகளை ஒன்றோடொன்று இணைக்க 2021 சட்டம் ஐந்தாண்டுகளில் 100 கோடி டாலர் வரை செலவழிக்கலாம் என்று ஒரு புதுத் திட்டத்துக்கு அனுமதி தந்தது. ஆனால் அந்த அனுமதி வேறு, ஆண்டுதோறும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒதுக்கும் பணம் வேறு. 2023 நிதியாண்டுக்கு அதற்குக் கிடைத்தது 4.5 கோடி டாலர்தான். சட்டியில் போட்டால்தானே அகப்பையில் வரும். மானியம் அறிவிக்கப்பட்ட பிறகும் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் வரை அது உறுதியில்லை. 2025இல் முன்பு அறிவித்த சில பாதை மானியங்களை மத்தியப் போக்குவரத்துத் துறை திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் காங்கிரசும், நெடுஞ்சாலைகளால் துண்டிக்கப்பட்ட பகுதிகளை இணைக்கும் திட்டத்தில் ஒப்பந்தமாகாமல் மிஞ்சியிருந்த தொகையை ரத்து செய்தது. மானியம் கிடைத்த செய்தி வந்தால் கொண்டாடுங்கள். மறுநாளே "ஒப்பந்தம் எப்போது கையெழுத்தாகும்" என்று கேட்கவும் ஆரம்பியுங்கள்.

சாலை மரணங்களைக் குறைப்பதற்கான 'சேஃப் ஸ்ட்ரீட்ஸ்' என்ற 500 கோடி டாலர் திட்டத்திலும் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். கட்டுமானத்துக்கு அதில் பணம் கேட்க, முதலில் ஒரு பாதுகாப்புச் செயல்திட்டம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் செயல்திட்டத்தைத் தயாரிப்பதற்கான மானியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கூட்டங்களில் ஒருவராவது எழுந்து, "சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பெட்ரோல் வரி கட்டுவதில்லையே" என்பார். அப்போது பேசாமல் இருந்துவிடாதீர்கள். மத்திய பெட்ரோல் வரி 1993இலிருந்து காலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. அது போதாமல் 2008 முதல் பொதுக் கருவூலத்திலிருந்து நெடுஞ்சாலை நிதிக்குப் பணம் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தில் கார் இல்லாதவர் கட்டும் வருமான வரியும் சேர்ந்திருக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, தாமதமாகப் போவது. வரைபடம் தயாரான பிறகு நடக்கும் கூட்டத்தில் போய், சைக்கிள் பாதை ஏன் இல்லை என்று கேட்டால், உள்ளே சேர்க்க அநேகமாக இடம் இருக்காது. மத்தியப் பணம் பெறும் திட்டங்கள் எம்பிஓவின் நான்காண்டுப் பட்டியலில் முதலில் ஏற வேண்டும். அந்தப் பட்டியலின் வரைவு மக்கள் கருத்துக்காக வெளியிடப்படுகிறது. பெரும்பாலும் வெகு சிலர்தான் எழுதுகிறார்கள், அதனால் பத்துக் குடும்பங்கள் தெருப் பெயரோடும் புகைப்படத்தோடும் எழுதினால் அலுவலர்கள் கட்டாயம் கவனிப்பார்கள். தார் மாற்றும் அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். சாலைக்குப் புதுத் தார் போடும்போது கோடுகளை மாற்றி வரைந்து சைக்கிள் பாதை எடுப்பதுதான் ஆகக் குறைந்த செலவு. அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்த தார் போடும்வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

2021 சட்டத்தின் காலம் 2026 செப்டம்பர் 30 வரை. பாதைகளுக்கான பங்கு அடுத்த சட்டத்தில் எவ்வளவு என்பதைக் காங்கிரஸ்தான் முடிவு செய்யும். உங்கள் எம்பிக்குக் கடிதம் எழுத வேண்டிய இடம் இதுதான். உங்கள் தெருவுக்கு நடைபாதை கேட்பதற்கோ எம்பிஓ அலுவலகத்துக்குப் போங்கள்.