உலக்கை ஏன் நிற்கிறது? சாமியையும் சயின்ஸையும் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் செய்கிற தவறுகள்

2019 டிசம்பர் 26, காலை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முற்றத்தில் பித்தளைத் தாம்பாளம். அதில் மஞ்சள் தண்ணீர், நடுவில் உலக்கை. அன்று வளையச் சூரிய கிரகணம். கிரகணம் பிடித்திருக்கும் வரை உலக்கை தானாக நிற்கும், விட்டதும் சாய்ந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஒன்பதரை மணிக்கு வேப்பமரத்தடியில் வெயில் சின்னச் சின்ன வளையங்களாக விழுந்து கிடந்தது. உலக்கையும் நின்றது.

ஏழு வயது மகன், "எப்படிப்பா நிக்குது?" என்றான்.

"எல்லாம் மூடநம்பிக்கைடா. என்னைக்கு வச்சாலும் நிக்கும்" என்றேன். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

நான் சொன்ன விஷயம் சரிதான், சொன்ன விதம்தான் தவறு. அவன் "எப்படி" என்று கேட்டான். நான் அவனுடைய அப்பத்தா ஏமாந்தவர் என்று பதில் சொன்னேன். சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு வருவதற்கு முன்பே முடிவையும் அறிவித்துவிட்டேன். "கேள்வி கேட்டா சாமி கண்ணைக் குத்தும்" என்று வாயை அடைக்கிறவர்களுக்கும் எனக்கும் அன்று பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் சாமியை வைத்து அடைக்கிறார்கள், நான் சயின்ஸை வைத்து அடைத்தேன்.

ராகு பாம்பு கதையைச் சொல்லவே கூடாதா என்றால், தாராளமாகச் சொல்லலாம். சந்திரன் சூரியனை மறைப்பதும் பூமியின் நிழல் சந்திரன் மேல் விழுவதும்தான் கிரகணம் என்று கி.பி. 499-லேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். அதனால் ராகு காணாமல் போய்விடவில்லை. சந்திரன் போகும் பாதையும் சூரியன் போவதாகத் தெரியும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களுக்கு ராகு, கேது என்று பெயர் வைத்துப் பஞ்சாங்கக்காரர்கள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்கள். கதையும் கணக்கும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தன. கதை சொல்லும்போது கதை என்றும், கணக்கு சொல்லும்போது கணக்கு என்றும் சொன்னால் பிள்ளைக்குக் குழப்பம் வராது.

குழப்பம் எப்போது வருகிறது என்றால், இரண்டையும் சேர்த்துத் தைக்கும்போது. படித்த பெற்றோர்கள் அதிகம் செய்கிற தவறு இதுதான் என்று நினைக்கிறேன். "டார்வின் 1859-இல் சொன்னதை மாணிக்கவாசகர் அப்போதே பாடிவிட்டார்" என்று வாட்ஸ்அப்பில் வராத மாதம் இல்லை. வரிகளை எடுத்துப் பாருங்கள்:

"புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப்
பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக்
கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்"

புழுவுக்குப் பிறகு மரம், பறவைக்குப் பிறகு பாம்பு, பாம்புக்குப் பிறகு கல், மனிதனுக்குப் பிறகு பேய். இதைப் பரிணாம வரிசை என்று நம்பிப் பரீட்சையில் எழுதினால் முட்டைதான் கிடைக்கும். பாட்டு பேசுவது ஒரே உயிர் பிறவி பிறவியாக அலைந்து களைத்துப்போனதை. "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்" என்று அதுவே சொல்கிறது. அந்த இளைப்பை விட்டுவிட்டு உயிரியல் பாடத்தை மட்டும் தேடினால் பாட்டும் போச்சு, பாடமும் போச்சு. தசாவதாரத்தை மீன், ஆமை, பன்றி என்று பரிணாமமாக அடுக்குவதும் இதே வேலைதான். பன்றி நமக்கு மூதாதை இல்லை.

இது நம் வீடுகளில் மட்டும் நடப்பதில்லை. பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்கிற பிக் பேங் எங்கள் வேதத்திலேயே இருக்கிறது என்று பல மதங்களிலும் சொல்கிறார்கள். அந்தக் கருத்துக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமைத்ர். இயற்பியலாளர், கூடவே கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதினார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர், அறிவியலே படைப்பை உறுதிசெய்கிறது என்கிற தொனியில் பேசினார். அது லெமைத்ருக்கே பிடிக்கவில்லை. அங்கி போட்ட பாதிரியாரே ஒட்டுப்போடாதீர்கள் என்று நினைத்திருக்கிறார், நமக்கு என்ன அவசரம்?

இன்னொரு வகை வீடு இருக்கிறது. அங்கே ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்பதும் பூமிக்கு 450 கோடி வயது என்பதும் மோதும். "ஸ்கூல்ல மார்க்குக்காக எழுது, மனசுல நம்பாதே" என்று பிள்ளையிடம் சொல்லிவைப்பார்கள். இதைவிட மோசமான பாடம் இல்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு நாமே பொய் சொல்லப் பயிற்சி கொடுக்கிறோம். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகுதான் மனிதன் வருகிறான். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில், விலங்குகள் பிறகு. அந்த ஆறு நாள்கள் நாம் எண்ணுகிற நாள்கள்தானா என்று நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புனித அகஸ்டினே யோசித்திருக்கிறார். விசுவாசத்துக்குள்ளேயே இவ்வளவு இடம் இருக்கும்போது பிள்ளையை இரட்டை வேடம் போடவைக்க வேண்டியதில்லை.

"ரெண்டு பக்கமும் சொல்லிட்டேன், எது பிடிக்குதோ எடுத்துக்கோ" என்பது நடுநிலை போலத் தெரியும், ஆனால் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் பள்ளி வாரியம், உயிரியல் வகுப்பில், உயிர்களை அறிவுள்ள யாரோ திட்டமிட்டு வடிவமைத்தார்கள் என்கிற "அறிவார்ந்த வடிவமைப்பு" கருத்தையும் பரிணாமத்துக்கு மாற்றாக அறிமுகப்படுத்தச் சொன்னது. பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். அது அறிவியல் இல்லை, மதம்தான் என்று 2005 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. படைப்புக் கதைக்கு மதிப்பில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. ருசியைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் குரங்கு. "குரங்குலிருந்து மனுஷன் வந்தான்னா இப்ப இருக்கிற குரங்கு ஏன் மாறல?" என்ற கேள்விக்குப் பெரியவர்களே திணறுகிறார்கள். சொன்ன வாக்கியமே தவறு. சிம்பன்சி நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. இருவருக்கும் பொதுவான ஒரு பாட்டன் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்தான், அவன் இப்போது இல்லை. சித்தப்பா பிள்ளை இன்னும் ஊரிலேயே இருக்கிறானே, அப்படியென்றால் நீ எப்படிப் பிறந்தாய் என்று யாராவது கேட்பார்களா? முறை சொல்லிப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இது ஒரு நிமிடத்தில் புரியும்.

நான்கைந்து வயதில் வருகிற "யார் செஞ்சது?", "எதுக்கு?" என்ற கேள்விகளைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். பாறை ஏன் கூர்மையாக இருக்கிறது என்பதற்கு, விலங்குகள் முதுகு சொறிந்துகொள்ள என்பது போன்ற பதிலையே சிறு பிள்ளைகள் விரும்புகிறார்கள் என்று டெபோரா கெலமன் என்ற அமெரிக்க உளவியலாளர் காட்டியிருக்கிறார். வீட்டில் உள்ள டம்ளரும் செருப்பும் ஒரு காரணத்துக்காகச் செய்தவை, மலையும் அப்படித்தான் என்று நினைப்பது அந்த வயதின் இயல்பு. அதைப் பார்த்து இவனுக்கு இப்பவே பக்தி வந்துவிட்டது என்று பூரிப்பதும், அறிவே இல்லை என்று கவலைப்படுவதும் வீண்.

பிரபஞ்சத்துக்கு முன்னாடி என்ன இருந்தது என்று அடுத்துக் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லுங்கள். ரிக் வேதத்தில் படைப்பைப் பற்றிய ஒரு பாடல், மேலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பவனுக்கு இது தெரிந்திருக்கும், ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்று முடிகிறது. அந்தக் கவிஞனுக்கு இருந்த துணிச்சல் நமக்கும் இருக்கலாம்.

கிரகணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழிக் குழம்பு. மகன் தட்டிலிருந்த இறக்கையைப் பிரித்துக் காட்டினேன்: மேலே ஒரு எலும்பு, அதன் கீழே இரண்டு, நுனியில் ஒட்டிப்போன விரல்கள். அவன் தன் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சாப்பிட்ட கை காய்வதற்குள் உலக்கையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனான். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. நான்கு முறை விழுந்தது, ஐந்தாவது முறை நின்றது.

"அப்பத்தா, இன்னைக்கும் நிக்குது! அப்ப எதுக்குக் கிரகணத்துக்கு மட்டும் வைக்கிறீங்க?"

அம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். "எங்க மாமியார் வச்சாங்க, நானும் வைக்கிறேன். கிரகணம் விடுற வரைக்கும் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்கணும்ல, பார்த்துக்கிட்டிருக்க ஏதாச்சும் வேணாமாடா?"