வேலை நாய்ச் சாதியில வீட்டுக்குக் குட்டி எடுக்கிற ஆக்கள் என்னத்தப் பார்க்கணும்

மட்டக்களப்புக் கல்லடியில இருந்து அக்கரைப்பற்று மட்டும் போய்ப் பாருங்க, கேற்றுக்கு கேற் இப்ப சாதி நாய்தான், அல்சேசன், ரொட்வைலர், லாப்ரடோர் எண்டு, கொஞ்சக் காலமா ஹஸ்கியும், பொலிஸ் வேலைக்கு எடுக்கிற பெல்ஜியன் மலினுவாவும் வேற வந்திட்டு. எடுக்கிற ஆக்கள் கேக்கிறதும் ஒரே மாதிரித்தான்: புள்ளைகளோட விளையாடணும், வாற போற ஆக்களக் கடிக்கக் கூடா, கோழியத் துரத்தக் கூடா, ஆனா ராவையில கள்ளன் வந்தா மட்டும் புடிக்கணும். விக்கிறவரும் "ஓம் ஓம் அப்பிடித்தான்" எண்டு காச வாங்கிப் போட்டுப் போயிருவார். மறுகா கொஞ்ச மாசத்தில அந்த நாய் சங்கிலியில.

முதல்ல ஒண்டு விளங்கணும், இந்தச் சாதிகள் சும்மா வடிவுக்கு உண்டாக்கினதில்ல. நாம அல்சேசன் எண்டு சொல்லுற ஜேர்மன் ஷெப்பர்ட 1899ல மேக்ஸ் வொன் ஸ்டெபனிட்ஸ் எண்ட பழைய குதிரைப்படைக்காரர் ஆடு மேய்க்கிற நாய்களில இருந்து எடுத்துத் தொடங்கினவர், அவருக்கு வேலைதான் முதல், தோற்றம் பிறகுதான். மறுகா வந்த கண்காட்சிக்காரர் முதுகு சரிஞ்சு பின்னங்கால் மடிஞ்சு நிக்கிற நாயாப் பார்த்துப் பார்த்து சேர்த்து, இப்ப ஒரே பேரில வேலைக்கு வளர்க்கிற பரம்பரை வேலை லைன் எண்டு ஒண்டு, கண்காட்சிக்கு வளர்க்கிற பரம்பரை ஷோ லைன் எண்டு ஒண்டு, பக்கத்தில நிப்பாட்டினா ரெண்டு சாதி மாதிரி இரிக்கும். போர்டர் கொலி எண்ட ஆடு மேய்க்கிற நாய்க்கும் இதே சண்டைதான். அத 1995ல, நாய்ச் சாதிகளப் பதியிற அமெரிக்கன் கெனல் கிளப் கண்காட்சிச் சாதியா எடுக்கக்குள்ள ஆடு மேய்க்கிற ஆக்கள் வேணாம் எண்டு நிண்டவங்க, மயிரையும் காதையும் பார்த்து வளர்த்தா மூளை போயிரும் எண்டு.

அப்ப வீட்டுக்கு ஏத்த மாதிரி சாந்தமா வளர்க்கிறது பிழையா எண்டு கேட்டா, எனக்கு அது பிழையாத் தெரியல்ல. ஏலும் எண்டதும் தெரிஞ்ச விசயம்தான், ரஷ்யாவில 1959ல பெல்யாயெவ் எண்ட விஞ்ஞானி பண்ணை நரிகளில மனிசருக்குப் பயப்படாததுகள மட்டும் தெரிஞ்செடுத்து சேர்த்துக் கொண்டு வர, ஒள்ளுப்பத் தலைமுறைக்குள்ளயே ஆளக் கண்டு வாலாட்டுற நரி வந்திட்டு. ஆனா வேலைக்காரர்ட லைன அவங்ககிட்டயே விடணும், வீட்டுக்கெண்டா அதுக்குத் தனியா சாந்தமான தாய் தகப்பனப் பார்த்து வளர்க்கணும். இஞ்ச நடக்கிறது இந்த ரெண்டுமில்ல. தலை பெருசா, காது நிமிர்ந்திரிக்கா, கறுப்பு கூடவா எண்டு மட்டும் பார்த்து சேர்க்கிற. குணத்த ஒருத்தரும் பார்க்கிறல்ல, அதுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, எடுக்கிற விசயத்துக்கு வருவம். உங்கட வளவில அந்த நாய்க்கு என்ன வேலை இரிக்கு எண்டு முதல்ல யோசிங்க. படுவான்கரைப் பக்கம் வயல் வட்டையில வாடி போட்டு காவல் இரிக்கிற ஆளுக்கும், மாட்டுப்பட்டி வச்சிரிக்கிற ஆளுக்கும் ராவெல்லாம் முழிச்சிரிக்கிற நாய் வேணும், ஆனை வந்தா பன்றி வந்தா குரைக்கணும். காத்தான்குடியிலயோ டவுனுக்குள்ளயோ பத்துப் பேர்ச் காணியில இரிந்து, பின்னேரம் டியூசன் புள்ளைகள் வந்து போற வீட்டுக்கு அதே நாயக் கொண்டு வந்தா அந்தப் புள்ளைகள் எல்லாம் அதுக்கு கள்ளன்தான். ரொட்வைலரும் மலினுவாவும் மேய்க்கிற வேலையோட காவலுக்கும் பார்த்துப் பார்த்து எடுத்த நாய்கள், அந்நிய ஆள லேசில நம்பா, அத பழக்கி ஒள்ளுப்பம் குறைக்கலாம், இல்லாமப் பண்ண ஏலா. மேய்க்கிற சாதி எண்டா ஓடுறதெல்லாம் ஆடுதான், சைக்கிள், கோழி, ஓடிப் புடிச்சு விளையாடுற புள்ளைட குதிக்கால், எல்லாம். அது கெட்ட நாயில்ல, அதுக்கு பட்டி இல்ல, அவ்வளவுதான். எங்கட ஒழுங்கையில ஒரு மலினுவா இரிக்கு, வேலியோரம் நடந்து நடந்து மணலில சாண் ஆழத்துக்கு ஒரு கான் விழுந்திரிக்கு, வீட்டுக்காரர் அத மண் போட்டு மூடுறார், கிழமைக்குள்ள திரும்ப விழுந்திரும்.

குட்டி பார்க்கப் போனா குட்டியப் பார்க்காதீங்க, தாயப் பாருங்க. "அண்ணே, தாய ஒருக்கா அவுத்து விடுங்களன்" எண்டு கேளுங்க. "அது ஆக்களக் கண்டா பாயும் தம்பி, கூட்டுக்குள்ளயே இரிக்கட்டும்" எண்டா அது உங்களுக்கு வேண்டிய பதில். குணத்தில ஒரு பங்கு ரத்தத்தில வாறது, மிச்சத்தில கொஞ்சம் தாய்ட பயத்தப் பார்த்தே குட்டி பழகிரும். மறுகா சீமெந்து நிலத்தில ஒரு கரண்டியப் போடுங்க, குட்டிக்குப் பக்கத்தில இல்ல, ஒள்ளுப்பம் தள்ளி. எல்லாக் குட்டியும் துள்ளும், அது பரவால்ல. துள்ளிப் போட்டு கிறுகி வந்து கரண்டிய மணக்கிற குட்டி வீட்டுக்கு நல்லம். மூலைக்க போய்ப் பதுங்கி வராமலே இரிக்கிற குட்டி நாளைக்கு பயத்தில கடிக்கவும் கூடும், கரண்டியக் கவ்விக் கொண்டு போய் விடாம இழுக்கிறது வேலைக்குக் குட்டி, பொலிஸ்காரர் எண்டா அதத்தான் எடுப்பாங்க. எட்டுக் கிழமைக்கு முதல் ஒருத்தர் குட்டி தாறன் எண்டா வாங்காதீங்க.

பேப்பர் இரிக்கு எண்டு காட்டுவாங்க. அது பாட்டன் பூட்டன் ஆரெண்டு சொல்லும், இடுப்பு நல்லமா எண்டு சொல்லா. அல்சேசன், லாப்ரடோர், ரொட்வைலர் மூணுக்கும் இடுப்பு மூட்டு வருத்தம் பரம்பரையா வாறது, தாய் தகப்பனுக்கு ரெண்டு வயசுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரே இரிக்கா எண்டு கேளுங்க. கேட்டா சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

ஹஸ்கி பற்றி நான் கூட எழுதப் போறல்ல. 1925ல அலாஸ்காவில நோம் எண்ட ஊருக்கு தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) மருந்த ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல பனியில மாறி மாறி இழுத்துக் கொண்டு போன நாய்க் கூட்டம் அது. கச்சான் எண்ட வரட்டுச் சூட்டுக் காத்து அடிக்கிற ஆடி மாசத்தில ஏறாவூரில அத தகரக் கொட்டிலுக்க கட்டி வைக்கிறது பாவம். மயிர மொட்டையா வெட்டி விடுறதும் உதவாது, தோல்ல வெயில் நேரா அடிக்கும்.

இப்ப சோடி சேர்க்கிற ஆக்களுக்கு. ரெண்டு வயசுக்கு முதல் வேணாம், அந்த வயசில உடம்பும் முத்தல்ல, குணமும் முழுசாத் தெரியா. "மலினுவா கூடத் துடிப்பு, லாப்ரடோரோட சேர்த்தா நடுவால வரும்" எண்டு சொல்லுறவங்க இரிக்காங்க, தேத்தண்ணிக்குப் பால் ஊத்துற மாதிரி இல்ல இது, ஒரே ஈத்தில ஒண்டு தாய் மாதிரி, ஒண்டு தகப்பன் மாதிரி, ஒண்டு லாப்ரடோர்ட உடம்பில மலினுவாட மூளையோட வரும். சாந்தமா வேணும் எண்டா சாந்தமான ரெண்டயும் சேர்க்கணும், அதுக்கு வேற வழி இல்ல. பட்டாசு போடக்குள்ள கட்டிலுக்கு கீழ போற நாயில இருந்து குட்டி எடுக்காதீங்க, அது எவ்வளவு வடிவா இரிந்தாலும். ஒரு குணத்தத் தெரிஞ்செடுத்தா இன்னொண்டும் ஒட்டிக் கொண்டு வரும் எண்டதும் ஞாபகம் இரிக்கட்டும். 2016ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆக்கள் பார்த்ததில, நாலு லாப்ரடோரில கிட்டத்தட்ட ஒண்டுக்கு பசி அடங்காத ஒரு ஜீன் குறை இரிந்திச்சு, உதவி நாய்களா வளர்த்த லாப்ரடோரில அது இன்னும் எவ்வளவோ கூட. சாப்பாட்டக் காட்டினா சொல்லுக் கேக்கிற நாயத் தெரிஞ்சு தெரிஞ்சு எடுக்க, கொழுப்பும் சேர்ந்து வந்திரிக்கும் போல.

ஏற்கனவே வேலைநாய் வீட்ட வந்திட்டு எண்டா வேலை குடுங்க. வெயில் ஏற முதல் காலையில ஒருக்கா, பொழுது பட்டு ஒருக்கா கடற்கரைப் பக்கம் கொண்டு போங்க, நடுப்பகல்ல தார் ரோட்டுல நடத்தாதீங்க, கால் வெந்திரும். ஓட்டம் மட்டும் காணா, ஓட ஓட அதுக்கு இன்னும் ஓடுற தெம்புதான் கூடும். மூணு சிரட்டைய நிலத்தில கவுத்து ஒண்டுக்கு கீழ அவிச்ச கோழி ஈரல் ஒரு துண்டு வச்சு தேட விடுங்க, பழகினாப் பிறகு வளவு முழுக்க ஒளிச்சு வைங்க. இருவது நிமிசம் மூக்குக்கு வேலை குடுத்தா நல்லாக் களைச்சுப் படுக்கும். விசர்நாய் ஊசி வருசா வருசம், வட்டைத் தண்ணியில இறங்குற நாய் எண்டா எலிக்காய்ச்சல் ஊசியும் மிருக வைத்தியர்ட கேட்டுப் போடுங்க.

வேலையும் இல்ல நேரமும் இல்ல, ஆனா நாய் வேணும் எண்ட ஆக்கள் ஊர் நாய்க் குட்டி ஒண்ட எடுங்க, கச்சானும் மாரியும் அதுக்குப் பழக்கம், கருத்தடை செஞ்சு விட்டா அடுத்த வளவுக்குப் போறதும் குறையும். இல்ல, அல்சேசன்தான் வேணும் எண்டா, காசு குடுக்க முதல் கடைசியா ஒரு கேள்வி கேளுங்க: "எங்களுக்கு ஒத்து வரல்லண்டா திருப்பி எடுப்பீங்களா அண்ணே?" நல்லா வளர்க்கிற ஆள் "என்னட்டயே கொண்டு வாங்க, வேற ஆருக்கும் குடுத்திராதீங்க" எண்டு அவராவே சொல்லுவார். இழுத்தா, குட்டியத் தூக்காம எழும்பி வந்திருங்க.