கொழும்பு மறைத்துவிடும் பிழைகள்: எல்லைப் பெட்டி கணக்கிடும்போது

கொழும்பின் காலி வீதி பஸ் நிறுத்தங்களின் ஆள்கூறுகளைப் பட்டியலிட்டு, அவை அனைத்தையும் அடக்கும் மிகச் சிறிய செவ்வகத்தை ஒரு நிரலால் கணக்கிட்டேன். எல்லைப் பெட்டி என்பது அதுதான். அகலாங்கு, நெட்டாங்கு ஒவ்வொன்றினதும் சிறுமத்தையும் பெருமத்தையும் கண்டால் அதன் மூலைகள் கிடைத்துவிடும். வரைபடம் திறந்தபோது கொழும்பு ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர் மூலையோ ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் கினி வளைகுடாவில் கிடந்தது.

சிறுமம், பெருமம் இரண்டையும் பூச்சியத்தில் தொடங்கியிருந்தேன். கோட்டை ரயில் நிலையம் ஏறத்தாழ 6.93, 79.85. வெள்ளவத்தை 6.87, 79.86. இவற்றில் எதுவும் பூச்சியத்தைவிடச் சிறியதல்ல. சிறுமம் அசையவே இல்லை; 0, 0 என்ற புள்ளி கினி வளைகுடாவில்தான் இருக்கிறது. பெருமம் மட்டும் சரியாக வந்தது. பாதி விடை சரியாக இருந்தால் பிழையை நாம் வேறெங்கோ தேடுவோம். பட்டியலின் முதற்புள்ளியையே இரண்டுக்கும் தொடக்கமாகக் கொடுங்கள்.

ஜாவா நிரல்மொழியில் எழுதும் சிலர் பெருமத்தை ‘டபிள்.மின்_வேல்யூ’ என்பதில் தொடங்குகிறார்கள். பெயர் அப்படி நம்பவைக்கிறது, ஆனால் அது மறை எண்ணே அல்ல; பூச்சியத்துக்கு மிக அருகிலுள்ள நேர் எண். நம் ஊர்ப் புள்ளிகள் எல்லாம் நேர் எண்கள் என்பதால் இங்கே பிடிபடாது. ஆள்கூறுகள் இரண்டும் மறை எண்களாக உள்ள, பெரு நாட்டின் லீமாவை மட்டும் கொடுத்துப் பாருங்கள், உடனே தெரியும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது சிஎஸ்வி கோப்புதான், அதாவது பெறுமானங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் உரைக்கோப்பு. அதிலிருந்து வாசிக்கும் எண்கள் பல நிரல்மொழிகளில் எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரங்களாகவே (எழுத்துகளின் தொடராகவே) வரும். சரங்கள் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடப்படுகின்றன. இலங்கை முழுவதிலும் அகலாங்கின் முழு எண் பகுதி ஓரிலக்கம், நெட்டாங்கினது ஈரிலக்கம். தெற்கு முனையிலிருந்து யாழ்ப்பாணம் வரை எதைக் கொடுத்தாலும் விடை சரியாகவே வரும். சென்னையின் 13.08ஐச் சேர்த்த கணத்தில் அது கொழும்பின் 6.93ஐவிடச் சிறியதாகிவிடுகிறது, ஏனெனில் ‘1’ என்ற எழுத்து ‘6’க்கு முன்னால் வருகிறது. வாசிக்கும் இடத்திலேயே எண்ணாக மாற்றுங்கள்; ஒப்பிடும் இடத்தில் மாற்றலாம் என்று விட்டால் மறந்துபோகும்.

‘சிறியதா? இல்லையென்றால், பெரியதா?’ என்று நிபந்தனைகளைச் சங்கிலியாக எழுதுவதும் ஆபத்து. சிறுமத்தை நேர் முடிவிலியிலும் பெருமத்தை மறை முடிவிலியிலும் தொடங்கி, கோட்டையிலிருந்து தெற்கே போகும் வரிசையில் நிறுத்தங்களைக் கொடுத்தால் அகலாங்கு குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு புள்ளியும் முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடும். பெருமம் கடைசிவரை மறை முடிவிலிதான். அதே வீதியை எதிர்த்திசையில் கொடுத்தாலும் முதற்புள்ளி பெருமத்தைத் தொடாது; இரண்டாவதிலிருந்துதான் எல்லாம் சரியாகும். இரண்டு நிபந்தனைகளையும் தனித்தனியாக எழுதுங்கள்.

வரிசை மாறுவதையும் கவனியுங்கள். பேச்சில் நாம் அகலாங்கை முதலில் சொல்கிறோம். புவியியல் தரவை எழுதும் வடிவமான ஜியோஜேசன் நெட்டாங்கை முதலில் கேட்கிறது. மாற்றிக் கொடுத்தால் கொழும்பு கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடைப்பட்ட கடலுக்குப் போய்விடும்.

வெற்றுப் பட்டியலுக்குப் பெட்டி கிடையாது. ‘பெட்டி இல்லை’ என்று நிரல் வெளிப்படையாகவே சொல்லட்டும். இடம் பிடிபடாத ஜிபிஎஸ் கருவி சில வேளை 0, 0 என்று எழுதிவைக்கும். அதை முன்பே வடிகட்டுங்கள்.

இப்போது என் சோதனைப் பட்டியலில் சென்னையும் லீமாவும் நிரந்தரமாக இருக்கின்றன. அண்மையில் பீஜித் தீவுகளையும் சேர்த்தேன். அவை 180 பாகை நெட்டாங்கின் இருபுறமும் இருப்பதால், வெறும் சிறுமமும் பெருமமும் பூமியையே சுற்றிவரும் பெட்டியைத் தருகின்றன. 2016இல் வெளியான ஜியோஜேசன் தரநிலை இதற்காகவே மேற்கு எல்லையின் பெறுமானம் கிழக்கு எல்லையினதைவிடப் பெரிதாக இருக்க இடமளிக்கிறது.