9-ஐ அழுத்தியும் திறக்காத வாசல் கதவு: என் அனுபவம்

வந்தவர் வாசலில் இருக்கும் இன்டர்காம் பெட்டியில் எங்கள் வீட்டு எண்ணை அழுத்தினால் என் செல்போனுக்கு அழைப்பு வரும், பேசிவிட்டு நான் போனில் 9-ஐ அழுத்தினால் கதவு திறக்க வேண்டும். பேச்சு தெளிவாகக் கேட்டது, பூட்டு மட்டும் அசையவே இல்லை. பக்கத்து வீட்டாருக்கு அதே 9 வேலை செய்ததால் கோளாறு என் பக்கம்தான் என்று தேட ஆரம்பித்தேன்.

போனில் ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து அனுப்புகிறது, 9 என்றால் 852, 1477 ஹெர்ட்ஸ். அந்த ஜோடி போதுமான நேரம் சுத்தமாகப் போய்ச் சேர்ந்தால்தான் பெட்டி அதை எண்ணாக எடுத்துக்கொள்ளும். இணையம் வழியாகப் போகும் அழைப்பில் அது சிதைந்துபோக வாய்ப்பு உண்டு. அதனால் வைஃபை காலிங்கை (வைஃபை இணையம் வழியாக அழைப்பை அனுப்பும் வசதி) அணைத்தேன், சில நேரம் திறந்தது. அப்புறம் போனின் கால் செட்டிங்கில் டிடிஎம்எஃப் டோன் (அதாவது அந்தப் பொத்தான் ஒலி) நீளத்தை அதிகமாக்கியதும் (எல்லா போனிலும் இந்த வசதி இருக்காது) ஒழுங்காகத் திறக்கிறது. 9-ஐ அழுத்தும் நொடியில் வந்தவர் பேசாமல் இருப்பதும் உதவுகிறது, பேச்சும் டோனும் கலந்தால் பெட்டி குழம்பிவிடும்.

அழைப்பே வரவில்லையா? தெரியாத எண்களை ஒலிக்கவிடாத செட்டிங் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெட்டியின் எண்ணைத் தொடர்புகளில் சேமித்து, தொந்தரவு செய்யாதே நிலையிலும் ஒலிக்க அனுமதி கொடுங்கள். இரவில் வீட்டுக்கு வரும் வயதானவர்களை வெளியில் நிறுத்தி வைக்க யாருக்கும் மனம் வராது, இதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.