எல்லாப் பழியும் கலாச்சாரத்தின் தலையிலா? சமூகவியல் விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம்ம ஆளுங்க கலாச்சாரமே இப்படித்தான் லா." மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் தே தாரிக் ஆறுவதற்குள் இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும். குடி, பையன்களின் அடிதடி, பாதியில் நின்ற படிப்பு, எதைக் கேட்டாலும் இதுவே பதில். கடைப் பேச்சோடு போனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கல்லூரிக்குப் போய் முதலாண்டில் சமூகவியல் எடுக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இதையே கொஞ்சம் இஸ்திரி போட்டு விடைத்தாளில் எழுதுகிறார்கள். பண்பாடு (ஒரு கூட்டம் கற்று வாழும் முறை), சமூகமயமாதல் (அந்த முறையை ஒருவர் கற்றுக்கொள்வது), சமூகக் கட்டமைப்பு (ஆள் மாறினாலும் மாறாத இடங்களும் உறவுகளும்) ஆகிய மூன்றுக்கும் வரையறையை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். ஓர் ஊரைக் காட்டி விளக்கச் சொன்னால்தான் தடுமாற்றம். பெரும்பாலும் கட்டமைப்பு செய்த வேலைக்குப் பண்பாட்டின் மேல் பழி போட்டுவிடுகிறார்கள்.

குடியையே எடுத்துக்கொள்வோம். ரப்பர்த் தோட்டத்தில் கள்ளுக்கடை தானாக முளைத்துவிடவில்லை. அரசு உரிமம் கொடுத்தது, நிர்வாகம் தோட்டத்துக்குள்ளேயே இடம் கொடுத்தது. பொழுது சாய்ந்தால் போய் உட்கார வேறு இடமும் அதிகம் கிடையாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. போர் முடிந்ததும் 1946, 47 ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் திரண்ட தோட்டத்து ஆட்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். குடிப்பதுதான் இவர்கள் கலாச்சாரம் என்றால், மூடச் சொன்னவர்கள் யார்? அவர்களும் அதே லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள்தான்.

இந்தத் தவறின் உள்ளே இன்னொரு கோளாறு இருக்கிறது. ஏன் குடிக்கிறார்கள் என்று கேட்டால் கலாச்சாரம் என்பார்கள். அது கலாச்சாரம் என்று எப்படித் தெரியும் என்றால், குடிக்கிறார்களே, வேறென்ன சாட்சி வேண்டும் என்பார்கள். கேள்வியே பதிலாகத் திரும்பி வருகிறது, எதுவும் விளங்கவில்லை. ஒரு பழக்கத்துக்குப் பண்பாடு என்று பெயர் வைப்பதற்கு முன்னால், அதற்கு வசதி செய்து கொடுத்தது யார், காசு யார் கைக்குப் போனது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதற்காக இதில் பண்பாட்டுக்கு வேலையே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. கள்ளுக்கடை வந்த பிறகு அதைச் சுற்றி வழக்கங்கள் வளர்ந்தன: யார் யாருக்கு வாங்கித் தர வேண்டும், எந்தச் சாவு வீட்டில் எப்படி, முனியாண்டி படையலில் என்ன வைப்பது என்றெல்லாம். அந்த வழக்கங்களை ஆராய்வது பண்பாட்டு ஆய்வு. குடிக்குக் காரணம் தேடுவது வேறு வேலை.

பண்பாடு என்றால் தீபாவளி மட்டுமா?

பண்பாட்டுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் கோலம், பரதம், வேட்டி, தைப்பூசக் காவடி என்று எழுதி முடித்துவிடுவார்கள். பள்ளியில் கலாச்சார நாள் கொண்டாடிப் பழகிய பழக்கம். 1871இல் மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் கொடுத்த வரையறையிலேயே அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம், சமூகத்தின் உறுப்பினராக மனிதன் பெற்ற பிற திறமைகள் எல்லாம் அடக்கம். அப்படிப் பார்த்தால் ரப்பர் மரம் சீவுவதும் பண்பாடுதான். விடிவதற்குள் காட்டுக்குப் போய்விட வேண்டும், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். கட்டை வரைக்கும் கத்தி இறங்கிவிடாமல், பட்டையை மட்டும் மெல்லிசாக, சாய்கோடாகச் சீவ வேண்டும். பால் அந்தக் கோட்டில் ஓடி மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) விழும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், பிறகு அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. இந்தக் கைப்பழக்கம் ரத்தத்தில் வந்ததில்லை, அம்மா பின்னாலேயே நடந்து கற்றது. வரையறையில் 'பெற்ற' என்ற ஒரு சொல்லைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

அடுத்தது, இங்குள்ள பண்பாடு தமிழ்நாட்டின் பழைய நகல் என்ற எண்ணம். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. சிலாங்கூர், பேராக், பினாங்கு போன்ற மாநிலங்களில் அன்று பொது விடுமுறை. தமிழ்நாட்டிலோ தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை வந்தது 2021இல்தான். கடல் தாண்டி வந்த விழா இங்கே வேறு அளவுக்கு வளர்ந்திருக்கிறது. சிறுபான்மையாக வாழும் சமூகத்துக்குத் தெருவில் இறங்கித் தன்னைக் காட்டிக்கொள்ள ஒரு நாள் தேவைப்பட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

தோட்டத்து மக்கள் எல்லாருக்கும் ஒரே பண்பாடு என்று எழுதுவதும் சரியில்லை. ஒரே தோட்டத்தில் தெலுங்கர், மலையாளி, சாதி பார்த்தவர், பார்க்காதவர் எல்லாரும் இருந்தார்கள். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டுப் பழக்கம் வேறு, லயத்துப் பழக்கம் வேறு.

தன் கூட்டத்தை அளவுகோலாக வைத்து மற்றவர்களை அளப்பதை 1906இல் சமூகவியலாளர் சம்னர் விளக்கினார். தன்னின மையவாதம் என்று பாடத்தில் வரும். இதற்குப் பிள்ளைகள் எப்போதும் வெள்ளைக்காரனையோ வேறு இனத்தாரையோதான் எடுத்துக்காட்டாகப் போடுகிறார்கள். இன்று செம்பனை (எண்ணெய்ப் பனை)க் காட்டில் குலை வெட்டும் வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளர்களைப் பற்றி நம் வீட்டுத் திண்ணையில் என்ன பேசுகிறோம் என்று கொஞ்சம் கவனியுங்கள். அழுக்கு, சத்தம், நம்ப முடியாது என்போம். நம் தாத்தாக்களைப் பற்றித் துரைமார் (தோட்ட மேலாளர்கள்) பங்களாவில் பேசிய பேச்சும் கிட்டத்தட்ட இதுதான். இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பிள்ளை என்ன வெள்ளைத்தாளா?

சமூகமயமாதலில் மிகப் பரவலான தவறு, பெரியவர்கள் சொல்லித்தர, பிள்ளை வாங்கிக்கொள்கிறது என்று எழுதுவது. தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும் இருட்டோடு வேலைக்காட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தை முதல் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் வரை எல்லாரும் ஆயாக்கொட்டகையில். ஒரே ஆயா, நிறையப் பிள்ளைகள். ஆயா எத்தனை பேருக்குத்தான் என்ன சொல்லித்தர முடியும்? பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துத்தான் பாதியைக் கற்றன.

பெரட்டு, அதாவது காலையில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது, அதை நடிக்கும் விளையாட்டைப் பார்த்தால் இது புரியும். ஒரு பையன் கவிழ்த்த டின் மேல் ஏறி நிற்பான். கையில் பழைய நோட்டு, காதில் ஒரு குச்சி. அவன்தான் கிராணி. மற்றவர்கள் வரிசையாக நிற்க, பெயரைக் கூப்பிடுவான். ஒருத்தி வேண்டுமென்றே தாமதமாக ஓடி வருவாள், "இன்னிக்கி உனக்குப் பேர் இல்ல, வீட்டுக்குப் போ" என்று விரட்டுவான். அவள் தலையைச் சொறிந்துகொண்டு கெஞ்சுவாள், எல்லாரும் சிரிப்பார்கள். யாருக்குக் கையில் நோட்டு, யார் வரிசையில் நிற்க வேண்டும், யாரிடம் எப்படிக் கெஞ்ச வேண்டும் என்று யாரும் பாடம் நடத்தவில்லை. அமெரிக்கச் சிந்தனையாளர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் சொன்னது இதைத்தான்: பிள்ளை இன்னொருவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தே தன்னை அறிகிறது. அடுத்த கட்டம் திடலில் ஆடும் பந்து விளையாட்டு மாதிரி. அங்கே ஒருவரைப் போல நடித்தால் போதாது, ஆடுகிற எல்லாருடைய இடமும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டங்களுக்குப் பக்கத்தில் வயதைப் போட்டு அட்டவணை எழுதுவார்கள், அதை விட்டுவிடுங்கள். மீட் பேசியது பிள்ளையின் திறன் எப்படி வளர்கிறது என்பதை.

"குண்டர் கும்பலில் சேர்ந்த பையன் சமூகமயமாகாதவன்" என்ற வரி ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வரும். அந்தப் பையன் நன்றாகவே சமூகமயமானவன். யாருக்கு மரியாதை, எதைச் சொல்லக் கூடாது, எந்தச் சொல்லுக்குக் கை ஓங்க வேண்டும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். கற்றுக்கொடுத்த கூட்டம்தான் வேறு. நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்காக இந்தக் கருத்து உருவாக்கப்படவில்லை.

பிள்ளைப் பருவத்தோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. தோட்டம் விற்கப்பட்டு, லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போன ஐம்பது வயது அக்காவை நினைத்துப் பாருங்கள். கதவைச் சாத்தி வைக்க, தண்ணீர் பில்லையும் பராமரிப்புக் கட்டணத்தையும் கட்ட, பக்கத்து வீட்டில் அரிசி கேட்காமல் இருக்க, எல்லாம் புதிதாகக் கற்கிறார். ஆனால் இதை மறுசமூகமயமாதல் (பழையதை உதறிப் புதிதாகக் கற்பது) என்று எழுதி, கூடவே சமூகவியலாளர் எர்விங் காஃப்மனின் 'முழுமை நிறுவனம்' என்பதையும் இழுத்துப் போட்டால் அது அதிகம். சிறை, படைமுகாம், மனநல விடுதி போல வெளியுலகத்தோடு தொடர்பை அறுத்து, நாள் முழுவதையும் ஒரே நிர்வாகம் ஆளும் இடங்களைப் பற்றி 1961இல் அவர் சொன்னது அது. அடுக்குமாடி எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் சிறையாகிவிடாது. பழைய தோட்டத்தை வேண்டுமானால் அதோடு ஒப்பிட்டு வாதாடலாம்: வேலை, வீடு, கடை, பள்ளி, கோயில் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் எல்லைக்குள். அதற்குப் பரீட்சகர் தலையாட்டுவார்.

ஆள் வேறு, இடம் வேறு

கட்டமைப்பைப் பற்றி எழுதும்போது நல்ல துரை, கெட்ட கங்காணி (ஆள் சேர்த்து வேலை வாங்கியவர்) என்று ஆட்களின் குணத்துக்குள் போய்விடுகிறார்கள். தோட்டத்து வீடுகள் இருந்த இடத்தைப் பாருங்கள்: மேட்டில் துரை பங்களா, கொஞ்சம் கீழே கிராணிமார் வீடுகள், பள்ளத்தில் லயம். வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டுக்காரர் மேனேஜராக வந்த பிறகும் பங்களா மேட்டிலேயே இருந்தது. ஆட்களை மாற்றிப் பார்த்தும் மாறாமல் நிற்பது எதுவோ, அதுதான் கட்டமைப்பு.

கங்காணியையும் இப்படிப் பார்க்கலாம். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. அதன் பிறகு 1938இல் இந்திய அரசு தடை போடும் வரை, ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்ததில் பெரும் பங்கு கங்காணிக்கு. வேலைக்கு வந்த ஆள் ஒன்றுக்கு நாளுக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. அப்படியானால் காய்ச்சலில் படுத்தவனையும் அவர் ஏன் தட்டி எழுப்பினார் என்பதற்குக் குணத்தை ஆராய வேண்டியதில்லை. ஆளைக் கூட்டி வந்தது அவர், மேய்த்தது அவர், பல இடங்களில் கடன் கொடுத்ததும் அவர், சொந்தக்காரரும் அவர். ஓர் ஆள், பல நிலைகள். உறவுக்காரராகப் பார்த்தால் படுக்கவிட வேண்டும், கங்காணியாகப் பார்த்தால் எழுப்ப வேண்டும். இப்படி இரண்டு நிலைகள் மோதுவது பங்கு முரண். கங்காணி என்ற ஒரே நிலைக்குள், துரைக்கும் பதில் சொல்ல வேண்டும், ஆட்களையும் தக்கவைக்க வேண்டும் என்று இழுபடுவது பங்கு நெருக்கடி. இரண்டையும் குழப்பினால் மார்க் போகும்.

இங்கே நிலை என்பதைக் கௌரவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மானிடவியலாளர் ரால்ஃப் லிண்டன் 1936இல் சொன்னபடி நிலை என்பது சமூகத்தில் ஓர் இடம், அந்த இடத்துக்குரிய நடத்தை பங்கு. சித்தாளுக்கும் நிலை உண்டு, துரைக்கும் உண்டு.

கட்டமைப்பு கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். சில நேரம் நன்றாகவே தெரியும். அதே 1941 கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்கார அதிகாரியோ ஆசியச் சிப்பந்தியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சைக்கிள் வாங்கக் காசு வந்துவிட்டது, அதில் உட்கார்ந்தபடி கடந்து போக அனுமதி வரவில்லை. சம்பள உயர்வோடு சேர்த்து இதையும் கேட்டிருக்கிறார்கள்.

மூன்றையும் ஒரே கேள்வியில் வைத்துப் பார்ப்போம். ஒரு காலத்தில் தோட்டப் பிள்ளைகளில் பலர் ஏன் இடைநிலைப்பள்ளியை முடிக்காமல் நின்றார்கள்? பெற்றோருக்கு அக்கறையில்லை என்பது கடைப் பதில். கட்டமைப்பிலிருந்து தொடங்குங்கள். 1923 தொழிலாளர் சட்டம் பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்கச் சொன்னது, அது தொடக்கக் கல்வியோடு சரி. தமிழ் இடைநிலைப்பள்ளி நாட்டில் கிடையாது. ஆறாம் ஆண்டு முடித்ததும் டவுன் பள்ளிக்குப் போக வேண்டும், மலாயில் தேறாதவர்கள் அங்கே முதலில் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். வீடோ வேலையோடு கட்டப்பட்டது. வீட்டில் யாரும் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியவில்லை என்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மூத்தவன் படிப்பை நிறுத்திப் பேர் பதிந்தது இந்தக் கணக்கில்தான். பிறகு சமூகமயமாதலுக்கு வாருங்கள்: டின் மேல் ஏறி விளையாடிய பையனுக்குத் தெரிந்த உச்சம் கிராணி, அதற்கு மேல் இருந்தவர்களை அவன் பக்கத்தில் பார்த்ததே இல்லை. கடைசியில் பண்பாடு: "நமக்கெல்லாம் எதுக்கு" என்ற பேச்சு எப்படி வீட்டுக்கு வீடு நியாயமாகிப் போனது என்று எழுதலாம்.

சரி, அதே லயத்திலிருந்து ஒரு பெண் டாக்டரானாளே என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மனிதனைச் சமூகம் வார்த்தெடுத்த பொம்மையாகப் பார்ப்பது மிகை என்று சமூகவியலாளர் டெனிஸ் ராங் 1961இல் எச்சரித்தார், அவரை இங்கே கொண்டுவரலாம். கூடவே அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்றும் பாருங்கள்: டவுனில் தங்க ஒரு சித்தி வீடு, விடாமல் துரத்திய ஓர் ஆசிரியர், அவளுக்கு முன்னாலேயே பேர் பதிந்துவிட்ட ஓர் அண்ணன். அண்ணனை விட்டுவிட்டு டாக்டரை மட்டும் எழுதினால் பாதி மார்க்தான்.